பத்துக் கிளைக்கும் ஏஐயே விளம்பரம் போடுமாம், சரி, காசை யார் பங்கு பிரிப்பது?

"ஏஐகிட்ட விட்டுட்டா அதுவே எல்லாத்தையும் பாத்துக்குமாமே தங்கச்சி?" என்று கேட்காத கடைக்காரர் இப்போது என்னிடம் யாரும் இல்லை. பினாங்கில் சின்னதாக ஒரு விளம்பர ஏஜென்சி நடத்துகிறேன். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் பிரான்சைஸ்காரர்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, சுயசேவை டோபி, டியூஷன் சென்டர் இப்படி. தீவில் நாலு கிளை, எதிர்க்கரைப் பெருநிலத்தில் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் மூன்று, அப்புறம் மாநில எல்லையைத் தாண்டி கெடாவில் கூலிம், சுங்கை பட்டாணி என்று பரவியிருப்பார்கள். ஒவ்வொரு கிளைக்கும் வேறு வேறு முதலாளி, பெயர்ப்பலகை மட்டும் ஒன்று.

அவர்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. 2025-இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை வைத்திருக்கும் மெட்டாவின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க்கே ஒரு பேட்டியில், வியாபாரி தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லி வங்கிக் கணக்கை இணைத்தால் போதும், மற்றதை நாங்கள் செய்துகொள்கிறோம் என்ற தோரணையில் பேசினார். ஒரே ஒரு கடை வைத்திருப்பவருக்கு இன்றைக்கே இது கிட்டத்தட்ட நடக்கிறது. மெட்டாவில் அட்வான்டேஜ் பிளஸ், கூகுளில் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ். கூகுளுடையது 2021 நவம்பரில் எல்லா விளம்பரதாரர்களுக்கும் திறக்கப்பட்டது, மறு வருடம், கடைக்கு ஆள் வரவைக்கப் போடும் பழைய லோக்கல் கேம்பைன்களும் (விளம்பரத் திட்டங்களும்) அதற்குள் போய்விட்டன. தேடல், யூடியூப், மேப்ஸ், ஜிமெயில் எல்லாவற்றுக்கும் ஒரே கேம்பைன், எங்கே எவ்வளவு செலவழிப்பது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். நான் உட்கார்ந்து விளம்பர இடத்துக்கான ஏலத் தொகையை ஐந்து காசு ஏற்றி மூன்று காசு இறக்கிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், பிரான்சைஸ் என்பது ஒரு கடை இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் வாடிக்கையாளருக்கும் மெஷினுக்கும் அது ஒன்றாகத் தெரியலாம், உள்ளே பத்து முதலாளிகளின் கடன் தனித்தனியாக இருக்கிறது.

இந்த ஏஐ எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு ஆட் செட் (கேம்பைனுக்குள் ஒரே இடம், ஒரே ஆள் தேர்வில் ஓடும் விளம்பரத் தொகுப்பு) நிதானத்துக்கு வர வாரத்துக்கு ஏறக்குறைய 50 ரிசல்ட் தேவை என்று மெட்டாவே சொல்கிறது. ரிசல்ட் என்றால் வாட்ஸ்அப் மெசேஜோ, படிவம் நிரப்பியதோ, நாம் எதைக் கேட்டோமோ அது. இப்போது பத்துக் கிளைக்கும் தனித்தனி ஆட் செட், ஒரு நாளுக்கு ஆளுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெசேஜுக்கு 5 வெள்ளி செலவானால் ஒரு கிளைக்கு வாரத்தில் 14 மெசேஜ்தான் வரும். 50 எங்கே, 14 எங்கே. பத்துக் கிளையும் நிரந்தரமாகப் படித்துக்கொண்டே இருக்கும், எதுவும் பாஸ் ஆகாது. இதில் கிளை முதலாளி யாராவது இரண்டு நாளைக்கு ஒருமுறை போஸ்டரை மாற்று, விலையை மாற்று என்று சொல்லிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம், பெரிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் படிப்பு முதலிலிருந்து தொடங்கும்.

அதனால் எல்லாவற்றையும் ஒரே கேம்பைனில் சேர்த்துப் போடு என்பார்கள், நானும் அப்படித்தான் செய்வேன். அதே காசுக்கு வாரம் 140 மெசேஜ் ஒரே இடத்தில் சேரும்போது மெஷினுக்குப் படிக்க ஏதாவது கிடைக்கிறது. ஆனால் அதற்கு மொத்தம்தான் கணக்கு. எந்தக் கிளையில் மெசேஜ் மலிவாகக் கிடைக்கிறதோ அங்கேயே காசைக் கொட்டும், கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கே வடையை எல்லாம் வைத்துவிட்டுப் போகிற ஆள் மாதிரி. மாதக் கடைசி ரிப்போர்ட்டில் மொத்த எண் அழகாக இருக்கும், தலைமையகத்துக்குச் சந்தோஷம். அதே ரிப்போர்ட்டைக் கிளைவாரியாகப் பிரித்தால் ஜார்ஜ்டவுன் கிளைக்குச் சில்லறைதான் போயிருக்கும், ஏனென்றால் அங்கே போட்டி அதிகம், விலை அதிகம். அப்புறம் போன் வரும். "ஏன்மா, மாசாமாசம் வியாபாரத்துல ரெண்டு பெர்சென்ட் நானும்தான் கட்டுறேன், என் காசுல புக்கிட் மெர்தாஜாம்காரனுக்கு விளம்பரமா?"

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மலேசியாவின் 1998-ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டப்படி, விளம்பரத்துக்கென்று கிளைக்காரரிடம் பணம் வாங்கினால் அதற்கென ஒரு விளம்பர நிதி அமைக்க வேண்டும், தனிக் கணக்கில் வைக்க வேண்டும், அதை விளம்பரத்துக்குத்தான் பயன்படுத்த வேண்டும். எனவே இது தலைமையகம் நினைத்தபடி வாரி இறைக்கும் காசு இல்லை. அதற்காக ஒவ்வொரு காசும் கட்டியவர் கிளைக்கே திரும்ப வரவேண்டும் என்றும் இல்லை, பிராண்டுக்காகப் பொதுவாகச் செலவழிப்பதும் விளம்பரம்தானே. ஆக, பங்கு எப்படி என்பதை யாராவது மனிதர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்தாக வேண்டும். அல்கோரிதத்திடம் இதை விட்டால் அது தனக்குத் தெரிந்த ஒரே நியாயத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லும்: மலிவு.

நான் என்ன செய்கிறேன் என்றால், பட்ஜெட்டை கேம்பைன் அளவில் ஒன்றாக வைத்துவிட்டு ஒவ்வொரு ஆட் செட்டுக்கும் குறைந்தபட்சச் செலவு ஒன்றைப் போட்டுவிடுவேன். மெட்டாவில் இந்த வசதி இருக்கிறது. ஒவ்வொரு கிளைக்கும் ஓர் அடித்தளத் தொகை ஏறக்குறைய உறுதி, மீதியை மெஷின் இஷ்டப்படி ஓடவிடலாம். அடித்தளம் எவ்வளவு என்பதைக் கிளை முதலாளிகள் கூட்டத்தில்தான் முடிவு செய்ய வேண்டும், என் மேசையில் இல்லை. ஆட் செட்டுகளும் பத்து வேண்டாம், பக்கத்துப் பக்கத்துக் கிளைகளைச் சேர்த்து மூன்று அல்லது நான்கு வட்டாரமாகப் போட்டால் படிப்பும் நடக்கும், பங்கும் ஓரளவு சரியாக இருக்கும். அடித்தளத்தை ரொம்ப உயர்த்திவிட்டால் மெஷினுக்கு நகர இடமே இருக்காது, அப்படிச் செய்வதற்கு ஏஐ எதற்கு, நாமே பிரித்துப் போட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம், மெசேஜ் எண்ணிக்கையை அப்படியே நம்பக்கூடாது. ஒரு கிளை மற்ற எல்லாக் கிளைகளையும் விட மலிவாக மெசேஜ் கொண்டுவந்துகொண்டிருந்தது, மெஷினும் குஷியாக அதற்கே காசைத் தள்ளியது. வாட்ஸ்அப்பைத் திறந்து படித்துப் பார்த்தால் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "கடை திறந்திருக்கா?" கூகுளில் அந்தக் கிளையின் நேரம் தப்பாக இருந்திருக்கிறது, ஜனங்கள் குழம்பிப்போய் விளம்பரத்தைத் தட்டிக் கேட்டிருக்கிறார்கள். முந்நூறு பேருக்குச் சாப்பாடு வேண்டும் என்று கேட்கும் கல்யாண வீட்டு மெசேஜும் இதுவும் மெஷினுக்கு ஆளுக்கு ஒரு ரிசல்ட்தான். இங்கேதான் நான் சாட்பாட் வகை ஏஐயை வேறு விதமாகப் பயன்படுத்துகிறேன். வந்த மெசேஜ்களிலிருந்து பெயர், நம்பர் எல்லாம் எடுத்துவிட்டு, எது ஆர்டர், எது விலை விசாரிப்பு, எது நேரம் கேட்பது என்று வகை பிரிக்கச் சொல்வேன். இதில் அது கெட்டி. மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கலந்து ஒரே வரியில் எழுதியிருப்பதைக்கூடச் சரியாகப் புரிந்துகொள்கிறது, நம் ஆட்கள் சுருக்கிச் சுருக்கி எழுதுவதை நானே இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது பினாங்குக்கே உரிய கூத்து. கிளையை மையமாக வைத்து வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டும் டார்கெட்டிங் எல்லாருக்கும் தெரியும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கடை, அதைச் சுற்றி 8 கிலோமீட்டர் என்று போட்டால் வட்டம் கடலைத் தாண்டிப் போய் பட்டர்வொர்த்தை விழுங்கிவிடும். நேர்கோட்டில் கடல் அங்கே 3 கிலோமீட்டர்தான். வரைபடத்தில் பக்கத்து வீடு, நிஜத்தில் ஃபெர்ரியோ பாலமோ. முதல் பாலமே 13.5 கிலோமீட்டர், 1985-இல் திறந்ததிலிருந்து மாலை நேரத்து நெரிசல் எப்படி என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு டோல் கட்டி யாரும் பாலம் ஏறி வரமாட்டார்கள். அதனால் தீவுக் கிளைகளுக்கு எதிர்க்கரையை விலக்கிவிட வேண்டும், கையால், ஒவ்வொரு கிளைக்கும். மெட்டாவின் தானியங்கி ஆள் தேர்வு வயது, விருப்பம் எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு விரித்தாலும் இடத்தை நாம் சொன்ன எல்லைக்குள் வைத்துக்கொள்ளும், அந்தவரைக்கும் நல்லது.

அப்படியும் முழுசாகச் சரிவராது. தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் எத்தனையோ பேர் வீடு பெருநிலத்தில்தான். அதே ஆள் பகல் ஒரு மணிக்கு பாயான் பாரு கிளையின் வாடிக்கையாளர், இரவு எட்டு மணிக்கு பிறை கிளையின் வாடிக்கையாளர். இந்த மாதிரி ஓட்டத்தைப் பிடிப்பதில் மெஷின் என்னைவிடக் கெட்டிக்காரன், ஒத்துக்கொள்கிறேன்.

கூகுள் பக்கம் ஒரு சின்ன செட்டிங் இருக்கிறது, பார்க்காமல் விட்டால் காசு போகும். இடம் குறித்த தேர்வில் அது இயல்பாகவே அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ளும். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு பினாங்குச் சாப்பாட்டைப் பற்றித் தேடுபவரும் உள்ளே வருவார். பள்ளி விடுமுறைக்கு முந்தின வாரம் சாப்பாட்டுக் கடைக்கு இது வரவேற்கத்தக்கதுதான். டோபி கடைக்கு? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து யாரும் அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே வரமாட்டார்கள்.

சரி, டோபி என்றதும் ஞாபகம் வருகிறது, தானியங்கி விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி தந்தது அதுதான். வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து பட்ஜெட்டை ஏற்றி இறக்கும் ஒரு சின்ன நிரல். மழை என்றால் டிரையருக்குக் கூட்டம், வெயில் என்றால் எல்லாரும் வீட்டுக் கொடியில் காயப்போட்டுவிடுவார்கள். நிரலை எழுதியது ஏஐதான், நான் என்ன வேண்டும் என்று சொன்னேன், வந்ததைச் சோதித்துப் பார்த்தேன், உச்சவரம்பு போட்டேன். அக்டோபர் மழையில் தானாக ஏறுகிறது, வெயில் வந்தால் தானாக இறங்குகிறது, எந்த முதலாளியும் சண்டைக்கு வரவில்லை, ஏனென்றால் மழை எல்லாக் கிளைக்கும் பெய்கிறது.

விளம்பர வாசகத்துக்கு வருகிறேன். ஏஐ மூன்று மொழியிலும் பத்துக் கிளைக்கும் நாற்பது வாசகம் ஒரு நிமிடத்தில் எழுதித் தரும், அது பெரிய வேலை மிச்சம். ஆனால் அதற்கு உங்கள் கிளைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதும். சுங்கை பட்டாணிக்குச் சனி ஞாயிறு வாரயிறுதிச் சலுகை என்று எழுதித் தரும். கெடாவில் வாரயிறுதி வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை அங்கே அரசாங்க அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் திறந்திருக்கும், பிள்ளைகளோடு குடும்பமாக வந்து சாப்பிடச் சொல்லி ஞாயிறு காலையில் விளம்பரம் ஓட்டினால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

இதைவிட ஆபத்தானது, மலாய் வாசகம் எழுதச் சொன்னால் கேட்காமலேயே ஹலால் என்ற சொல்லைச் சேர்த்துவிடும் பழக்கம். மலேசியச் சாப்பாட்டு விளம்பரங்களைப் படித்துப் பழகியதால் வருகிறது போலும். இங்கே 2011-ஆம் ஆண்டு வர்த்தக விவரிப்பு உத்தரவின்படி மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமோ மாநில இஸ்லாமிய சமய அமைப்போ சான்றிதழ் கொடுக்காமல் அந்தச் சொல்லை உணவுக்குப் போடக்கூடாது, சான்றிதழும் கடை வளாகத்தைப் பொறுத்தது. பத்துக் கிளையில் ஆறுக்குக் கிடைத்திருக்கலாம், நாலுக்கு விண்ணப்பம் நிலுவையில் இருக்கலாம். பன்றி இறைச்சி இல்லை என்பதும் ஹலால் என்பதும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. ஒரே வாசகத்தைப் பத்துக் கிளைக்கும் தானாக நகல் எடுக்கும் கருவி, இந்தத் தப்பையும் பத்தாக நகல் எடுக்கும்.

விலையும் அப்படித்தான். ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் உணவகம் சேவை வரிக்குப் பதிய வேண்டும், சாப்பாட்டுக்கு 6 சதவீதம். கிளைகள் தனித்தனி நிறுவனங்கள் என்பதால் ஒரு கிளை பில்லில் வரி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பேரங்காடிக் கிளையில் விலையே கூடுதலாக இருக்கும். வாழையிலை 12 வெள்ளி என்று ஒரே படத்தில் எல்லாருக்கும் அடித்துவிட்டால் கல்லாவில் நிற்கும் பிள்ளைதான் திட்டு வாங்கும்.

அதனால் எந்த மென்பொருள் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களிடம் முதலில் ஒரு கூகுள் ஷீட் கேட்பேன். ஒரு கிளைக்கு ஒரு வரி. திறக்கும் நேரம், ஓய்வு நாள், நோன்பு மாத நேரம், தைப்பூசத்துக்குத் திறக்குமா, ஹலால் சான்றிதழ் உண்டா, எப்போது முடிகிறது, விலைப்பட்டியல் எது, வாட்ஸ்அப் எண், இல்லாத பண்டங்கள், யார் ஒப்புதல் தருவார். ஏஐ இந்த ஷீட்டில் இருப்பதை மட்டும் வைத்து எழுத வேண்டும், இல்லாததை எழுதக்கூடாது என்று கட்டளையில் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகும் இன்னொரு ஏஐயை விட்டு வந்த வாசகத்தை ஷீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்வேன், கடைசியில் ஒரு மனிதக் கண். பெரும்பாலான தலைமையகங்களில் இந்த ஷீட் இல்லை, இருந்தாலும் பழசு, கிளை மேலாளர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகியும் அவர் நம்பரே இருக்கும். ஷீட்டைச் சுத்தம் பண்ணுவதுதான் இந்தத் தொழிலில் நேரம் பிடிக்கும் வேலை, யூடியூபில் ஏஐ விளம்பரம் சொல்லித்தருகிற யாரும் இதைக் காட்டுவதில்லை, காட்டினால் யார் பார்ப்பார்கள்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏஐ உருவாக்கும் படத்துக்குள் தமிழ் எழுத்து பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறி வருகிறது, எழுத்தை நாமே மேலே வைக்க வேண்டும். தானாகப் பின்னணி மாற்றுவது, ஓரத்தை நீட்டுவது, இசை சேர்ப்பது போன்ற மேம்பாடுகளைச் சாப்பாட்டுப் படத்துக்கு நான் அணைத்துவிடுவேன். இலையில் இல்லாத கறியை விளம்பரத்தில் காட்டினால் அது பொய் விவரிப்பு, ஏஐ வரைந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அளவிடுவது இன்னும் பலவீனமான இடம். எத்தனை பேர் விளம்பரம் பார்த்துக் கடைக்கு வந்தார்கள் என்று கூகுள் மதிப்பிட்டுக் காட்டும், ஆனால் அதற்குப் போதுமான கிளைகளும் தரவும் உள்ள கணக்குகளுக்குத்தான் அந்த வசதி. நம் அளவுக்குப் பெரும்பாலும் வராது. வழி கேட்டுத் தட்டியது, போன் அடித்தது, மெசேஜ் வந்தது என்று இவற்றோடுதான் குப்பை கொட்ட வேண்டும். கூடவே கிளைக்கு ஒரு சலுகைக் குறியீடு, கல்லாவில் அதைத் தட்டச் சொல்வது. பழைய முறைதான், ஆனால் சண்டை வரும்போது மேசையில் வைக்க அந்த எண்தான் உதவும்.

சில கிளை முதலாளிகள் பொறுமையிழந்து தாங்களே தனிக் கணக்கு திறந்து கூகுளில் பிராண்ட் பெயருக்கே விளம்பரம் போடுவார்கள். ஒரே பெயருக்காகத் தலைமையகக் கணக்கும் கிளைக் கணக்கும் மோதி விலையை ஏற்றிக்கொள்ளும், இரண்டு பக்கமும் தானியங்கி ஏலம் என்பதால் யாருக்கும் தெரியாமலேயே ஏறும். லாபம் கூகுளுக்கு. வாடிக்கையாளர் போன் பட்டியலைக் கிளையிடம் வாங்கி, அவர்களுக்கே விளம்பரம் காட்டத் தலைமையகம் மெட்டாவில் ஏற்றுவதும் இன்னொரு சிக்கல். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த மனிதர் எதற்குச் சம்மதித்து நம்பர் கொடுத்தார் என்று பார்க்க வேண்டும், டியூஷன் சென்டர் என்றால் அதில் பிள்ளைகளின் விவரமும் இருக்கும். நான் எழுத்துமூலம் சம்மதம் இல்லாத பட்டியலைத் தொடமாட்டேன், இதனால் ஒன்றிரண்டு வாடிக்கையாளர் போனதும் உண்டு, போகட்டும்.

பட்ஜெட் போடும்போது மறந்துபோகும் ஒன்று, வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கான வரி. 2024 மார்ச் 1 முதல் 8 சதவீதம். ஒரு நாளுக்கு 100 வெள்ளி விளம்பரம் என்றால் கார்டில் 108 போகும். பத்துக் கிளைக்கும் பங்கு பிரிக்கும் கூட்டத்தில் இதை யார் தலையில் வைப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தலைவலி வேறு. ஒப்பந்தத்தில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு எல்லை எழுதியிருக்கிறார்கள், பட்டர்வொர்த்துக்கு இதுவரை, பிறைக்கு இதுவரை என்று. விளம்பர வட்டம் அந்த எல்லையை மதிப்பதில்லை. நடுவில் இருக்கும் தாமானிலிருந்து (குடியிருப்புப் பகுதியிலிருந்து) ஒருவர் ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு கேட்டு மெசேஜ் போட்டால், எந்தக் கிளையின் விளம்பரத்தைத் தட்டினாரோ அந்தக் கிளைக்கே ஆர்டர் போகிறது, மற்றவர் கொதிக்கிறார். பெரிய ஆர்டர்கள் மட்டும் தலைமையகத்தின் ஒரே எண்ணுக்கு வரட்டும், முகவரியைப் பார்த்து அங்கிருந்து பிரித்துக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்க்க வேண்டுமாம், வக்கீல் எழுதிக்கொண்டிருக்கிறார், தீபாவளிக்குள் வந்தால் நல்லது.